நான்கு டிஸ்க் கொடுத்தேன், திரும்பி வந்ததில் மூன்றுதான் என்னுடையது

செலையூரில் வீட்டின் முன்னறையையே ஸ்டூடியோவாக வைத்துப் பிழைப்பை ஓட்டுகிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுப்பதெல்லாம் ஒரு நாஸ் பெட்டிக்குள்தான் போகும். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க், வீட்டு ரௌட்டரோடு ஒரு வயர். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறந்து பார்க்கலாம். என்னுடையது நான்கு 4 டிபி டிஸ்க்குகள், ரெய்டு 5. அதாவது நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து எல்லாவற்றையும் மீட்கலாம். இரண்டு செத்தால் அவ்வளவுதான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

2025 மே மாதம், ஒரு ஞாயிறு இரவு இடியோடு மழை. கரண்ட் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதமாகியிருந்தது, "அடுத்த பேமென்ட் வரட்டும்" என்று தள்ளிப்போட்டிருந்தேன். பெட்டி நேராகச் சுவர் பிளக்கில் இருந்தது. திங்கள் காலை பட்டனை அழுத்தினால் நீல விளக்கு சிமிட்டுகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்க்குகள் ஓடத் தொடங்கும் ஓசை கேட்கிறது, பிறகு ஒரு 'டிக்', எல்லாம் அமைதி. பத்து நொடி கழித்து மறுபடி அதே கூத்து. வழக்கமாக வரும் 'பீப்' வரவே இல்லை. நெட்வொர்க்கிலும் பெட்டியைக் காணோம்.

உள்ளே மூன்று கல்யாணங்கள் இருந்தன. டெலிவரி ஆகாதவை. கேமரா கார்டுகளையெல்லாம் அடுத்த முகூர்த்தத்துக்காக ஃபார்மேட் செய்துவிட்டிருந்தேன். வேறு காப்பி? இல்லை. திட்டுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு திட்டு வாங்கியாயிற்று.

பதற்றத்தில் பெட்டியை ஒரு கட்டைப்பையில் போட்டு, மின்சார ரயிலில் எழும்பூர் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு. அங்கே ஒரு கடை. பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, 'டேட்டா ரெக்கவரி' என்று பெரிய பலகை. பெட்டியை மேசைமேல் வைத்ததும் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே முக்கியமான டேட்டா இருக்கா சார்?" மூன்று கல்யாணம் என்று ஒப்பித்தேன். அந்த இடத்திலேயே என் விலை முடிவாகிவிட்டது என்று இப்போது புரிகிறது.

ஜாப் கார்டில் "நாஸ் ஒன்று, டிஸ்க் நான்கு, அடாப்டர் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தார்கள். டிஸ்க்குகளின் சீரியல் எண் இல்லை. நானும் கேட்கவில்லை. கீழே பொடி எழுத்தில், டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று இருந்தது. டேட்டா மீட்டுத் தருவதையே தொழிலாகச் செய்கிற கடையில்! சோதனைக் கட்டணம் 2,500 ரூபாய் என்றார்கள். பில் கேட்டால் "வேலை முடிஞ்சதும் மொத்தமா போட்டுரலாம் சார்". யூபிஐயில் அனுப்பினேன். நல்லவேளை ரொக்கமாகக் கொடுக்கவில்லை, பிற்பாடு எனக்கு இருந்த ஒரே ரசீது அதுதான்.

மறுநாள் போன். "மதர்போர்டு போச்சு சார். இன்டெல் சிப் பிரச்சினை, உலகம் பூரா இருக்கு. 18,000 ஆகும்." அவர் சொன்ன பிரச்சினை பொய்யில்லை. இன்டெலின் ஆட்டம் சி2000 வரிசை சிப்களில் கடிகாரத் துடிப்பு அனுப்பும் ஒரு பகுதி நாளடைவில் நலிந்துபோய், சாதனம் ஒருநாள் எழுந்திருக்காமலே போகும் என்பது 2017இல் வெளியே வந்த விஷயம். நாஸ் பெட்டிகள் மட்டுமல்ல, பெரிய பெரிய ரௌட்டர்களே இதில் மாட்டின. ஆனால் என் பெட்டியில் இருந்தது வேறு குடும்பத்து பிராசசர். பெட்டியின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். உண்மையான ஒரு தகவலை எடுத்து, சம்பந்தமில்லாத இடத்தில் ஒட்டினார் மனிதர். நான் தலையாட்டினேன்.

புதன்கிழமை விலை 42,000 ஆனது. "ஒரு டிஸ்க் ரீட் ஆகலை." வெள்ளிக்கிழமை 68,000. "ரெண்டு டிஸ்க்ல ஹெட் போச்சு. கிளீன் ரூம்ல பிரிக்கணும், டெல்லிக்கு அனுப்பணும், அதே மாடல் டோனர் டிஸ்க் வாங்கணும்." ஹெட் என்றால் டிஸ்க்குக்குள் எழுதிப் படிக்கும் முனை, கிளீன் ரூம் என்றால் தூசி இல்லாத அறை, டோனர் என்றால் உதிரிபாகம் எடுப்பதற்காக வாங்கும் டிஸ்க். ஒரு டிஸ்க்தான் போயிற்று என்றால் நானே புது டிஸ்க் வாங்கிச் செருகிக்கொள்வேன், அவருக்கு ஒரு பைசா வராது. இரண்டு என்றால்தான் நான் அவர் கையில். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்று கேட்டேன். இது என் அக்கா மகன் சொல்லிக் கொடுத்த கேள்வி. அதுவரை "சார், சார்" என்றிருந்த குரல் மாறியது. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார். வேணும்னா சொல்லுங்க, இல்லைன்னா எடுத்துட்டுப் போங்க. ஒவ்வொரு நாளும் லேட் ஆனா சான்ஸ் குறையும்."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் 1,500 "பிரித்த கூலி" என்று பிடுங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

அக்கா மகன் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். சனிக்கிழமை வந்தவன் பெட்டியைத் தொடவே இல்லை, முதலில் அடாப்டரைக் கையில் எடுத்தான். "மாமா, இதை யாராவது செக் பண்ணாங்களா?" நான் விழித்தேன். வீட்டு நாஸ் பெட்டிகளில் பல, லேப்டாப்புக்கு இருப்பதுபோல வெளியே தனி அடாப்டர் கொண்டவை. என்னுடையது 12 வோல்ட், 10 ஆம்பியர். டிஸ்க்குகள் நான்கையும் வெளியே எடுத்து, எது எந்த இடம் என்று மாஸ்கிங் டேப்பில் 1, 2, 3, 4 என எழுதி ஒட்டினான். காலிப் பெட்டியை ஆன் செய்தான். 'பீப்'. ஆறு நாள் கழித்துக் கேட்ட அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. மதர்போர்டு போன பெட்டி பீப் அடிக்காது.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க் இல்லாமல் ஆன் செய்தால் பெட்டி தன்னைப் புதிது என்று நினைத்துக்கொள்ளலாம். பிரௌசரில் திறந்தால் 'நிறுவு', 'தொடங்கு' என்று ஏதாவது பட்டன் நீட்டும். அதைத் தொடவே தொடாதீர்கள். டிஸ்க் உள்ளே இருக்கும்போது அதை அழுத்தினால் மொத்தமும் துடைக்கப்பட்டுவிடலாம். பீப் கேட்டதா, அணைத்துவிடுங்கள்.

மல்டிமீட்டரில் அடாப்டர் 12.2 வோல்ட் காட்டியது. "சரியாத்தானேடா இருக்கு" என்றேன். சிரித்தான். சும்மா இருக்கும்போது நலிந்த அடாப்டர்கூடச் சரியாகக் காட்டலாமாம். பக்கத்து மெக்கானிக் கடையில் பழைய கார் ஹெட்லைட் பல்பு ஒன்று வாங்கி வந்தான், 12 வோல்ட், 55 வாட். அதை எரிய வைக்க நாலரை ஆம்பியருக்கு மேல் வேண்டும். 10 ஆம்பியர் அடாப்டருக்கு இது பாதிச் சுமைகூட இல்லை. பல்பை மாட்டியதும் மீட்டர் 12.2இலிருந்து எட்டரைக்கு விழுந்தது, பல்பு மங்கலாக எரிந்து, துடித்து, அணைந்தது.

விஷயம் இதுதான். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் லைனிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். வேகம் பிடித்துவிட்டால் அதில் கால்வாசி போதும். நான்கும் சேர்ந்து கிளம்பினால் ஆறிலிருந்து எட்டு ஆம்பியர். அடாப்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கப்பாசிட்டர்கள் வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து வற்றிப்போனால், காலிப் பெட்டிக்கு அடாப்டரால் ஈடுகொடுக்க முடியும், டிஸ்க்குகள் எழும்போது மூச்சு வாங்கிவிடும். பெட்டி அணையும், சுமை குறையும், மறுபடி ஆன் ஆகும், மறுபடி அணையும். நான் காலையில் பார்த்த கூத்து அப்படியே. கிளீன் ரூமும் வேண்டாம், டெல்லியும் வேண்டாம். இரவு முழுக்க விட்டுவிட்டு வந்த கரண்ட், ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்ததைக் கீழே தள்ளிவிட்டது.

அடாப்டர் மாற்றினால் முடிந்தது என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, நாலும் ஒண்ணா வாங்கினதா?" ஆமாம், 2022 ஆகஸ்டில், ஒரே கடையில், ஒரே பில்லில். "அப்புறம் ஏன் இதுல மட்டும் 2017னு போட்டிருக்கு?"

மூன்றாம் எண் டிஸ்க். அதே கம்பெனி, அதே 4 டிபி, ஸ்டிக்கரின் நிறம்கூட ஏறக்குறைய அதேதான். ஒவ்வொன்றாக லேப்டாப்பில் யூஎஸ்பி டாக் வழியாக மாட்டி ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்தான். டிஸ்க் எவ்வளவு மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் ஒரு வரி இருக்கும். என் மூன்று டிஸ்க்குகளும் 23,800க்கும் 23,900க்கும் இடையில் இருந்தன. ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள், வயது ஒத்துத்தானே இருக்கும். அந்த மூன்றாம் எண் டிஸ்க் மட்டும் 41,000 மணிக்கும் மேல், ஏறக்குறைய நாலே முக்கால் வருடம் நிற்காமல் ஓடிய கிழடு. பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டேட்டா எழுதப்படும் சின்னச் சின்னத் துண்டுகள், என் மூன்றிலும் பூஜ்யம், அதில் நூற்றுக்கணக்கில். 'ஹெட் போன' டிஸ்க்குகள் என்று அவர் சொன்னவை எவை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, ஏனென்றால் என் மூன்றும் குத்துக்கல்லாட்டம் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். ரெய்டு 5இல் ஒன்றை எடுத்தாலும் மற்ற மூன்றில் டேட்டா வந்துவிடும், வாடிக்கையாளருக்கு "ஒரு டிஸ்க் போயிருந்தது" என்றுதான் தோன்றும். அந்தத் தைரியம். இரண்டை மாற்றியிருந்தால் மூன்று குடும்பங்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

ஞாயிறு ரிச்சி தெருவில் பாதிக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் திங்கள் போனோம். முதலில் அடாப்டர். இரண்டு சந்து தள்ளி, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கே இடமுள்ள கடை, ஒரு பெரியவர். பழைய அடாப்டரின் பின் அமைப்பைப் பார்த்து, எந்தப் பின்னில் பாசிட்டிவ், எதில் நெகட்டிவ் என்று மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, புதியதை எங்கள் கண்முன் சுமை கொடுத்துக் காட்டி, 2,800 ரூபாய்க்குப் பில்லோடு கொடுத்தார். நான்கு பின் உள்ள பிளக் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இணைப்பு மாறும். மாற்றிச் செருகினால் பெட்டி நிஜமாகவே செத்துவிடும். இதை அந்தப் பெரியவர்தான் சொன்னார், காசு வாங்காமல்.

பிறகு அந்தக் கண்ணாடிக் கதவுக் கடை. "உங்க டிஸ்க்தான் சார் அது. ஜாப் கார்டுல நம்பர் இருக்கா?" என்று கேட்டார் அந்த ஆள், சிரித்துக்கொண்டே. 2022 பில்லை எடுத்து வைத்தேன். வாரண்டிக்காக அந்தக் கடைக்காரர் நான்கு சீரியல் எண்ணையும் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும். கூடவே யூபிஐ ரசீதும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டும். "போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு, போய்ப் பேசிக்கலாமா?" என்றான் அக்கா மகன். ஆள் உள்ளே போனார். இரண்டே நிமிடத்தில் என் டிஸ்க்கோடு வந்தார். "பசங்க மாத்தி வெச்சுட்டாங்க சார், சாரி." தவறுதலாகக் கலந்துபோன டிஸ்க்கை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியுமா? காசைக் கேட்டேன், அதற்கு மட்டும் அவருக்குக் காது கேட்கவில்லை.

வீட்டில் அந்த டிஸ்க்கை மாட்டிப் பார்த்தால் பார்ட்டிஷன் எதுவும் இல்லை, துடைத்து வைத்திருந்தார்கள். விற்பனைக்குத் தயார். நாங்கள் அதை உடனே பெட்டியில் போடவில்லை. முதலில் மூன்று டிஸ்க்கோடு, புது அடாப்டரில் பெட்டியை ஏற்றினோம். பீப் வந்தது, 'ஒரு டிஸ்க் காணவில்லை' என்று கத்தியபடியே எல்லா ஃபோல்டரும் திறந்தன. கடன் வாங்கி ஒரு 8 டிபி வெளி டிஸ்க் எடுத்து, 7 டிபியையும் அதில் இறக்க ஒரு இரவும் மறுநாள் பொழுதும் ஆனது. அதற்குப் பிறகுதான் மீட்டு வந்த டிஸ்க்கைச் செருகி ரெய்டைச் சீர்ப்படுத்த விட்டோம். அந்த வேலை நடக்கும் மணிக்கணக்கான நேரத்தில் மற்ற மூன்றும் முழுக்கப் படிக்கப்படும், அப்போது இன்னொன்று மடிந்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் காப்பி முதலில். யூபிஎஸ்ஸுக்குப் பேட்டரியும் போட்டாயிற்று.

பணத்துக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் ஒன்றும் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. 4,000 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. என் டிஸ்க்கை வாங்க வேண்டுமென்றால் அந்த 2017 டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டேன். அது யாரோ ஒருவர் என்னைப்போல அந்தக் கடையில் கொடுத்தது. கொடுப்பதற்கு முன் ஸ்டிக்கரைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். ரிச்சி தெருவில் 4 டிபி டிஸ்க் ரிப்பேருக்குக் கொடுத்து, "போயிடுச்சு சார்" என்று கேட்டுத் திரும்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பில்லில் உள்ள சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒத்துப்பார்த்துச் சொல்கிறேன்.