க்ளோன்சில்லா மூன்று முறை மறுத்தது, மூன்று முறையும் அது சொன்னதே சரி

அக்காவின் மடிக்கணினியில் இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாற்றித்தர, டிஸ்க்கை முழுசாக நகலெடுக்கும் மென்பொருளான க்ளோன்சில்லாவைப் பயன்படுத்தினேன். ஒரு சாயங்காலத்தில் முடியும் என்று உட்கார்ந்த வேலை மூன்று நாள் இழுத்தது. அப்படியும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்த மூன்று நாளில் வந்த எந்தத் தடங்கலும் இந்த மென்பொருளால் வந்ததில்லை.

தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான கட்டற்ற மென்பொருள் இது, காசு கிடையாது. பென்டிரைவில் ஏற்றி விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்தே கணினியைத் தொடங்க (பூட் செய்ய) வேண்டும். மவுஸ் வேலை செய்யாது, அம்புக்குறி விசைகள்தான்.

முதல் நாள், விலை குறைவு என்று 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்திருந்தேன். பழைய டிஸ்க்கில் நிரம்பியிருந்தது 140 ஜிபிதான், ஆனாலும் புது டிஸ்க் சிறியது என்று நின்றுவிட்டது. இது பார்ப்பது டிஸ்க்கின் மொத்த அளவை. சுருக்கிப் பொருத்த வழி உண்டு, ஆனால் சி டிரைவை மட்டும் சுருக்கினால் போதாது, பல கணினிகளில் டிஸ்க்கின் கடைசியில், விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய ரெக்கவரி பகுதி உட்கார்ந்திருக்கும், அதையும் முன்னால் நகர்த்த வேண்டும். நான் கடையில் கொடுத்து 512 ஜிபியாக மாற்றிக்கொண்டேன்.

அடுத்து, விண்டோஸ் சரியாக மூடப்படவில்லை என்று மறுத்தது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தேன், சரியாகிவிட்டது. (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் காலி இடத்தையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் நகலெடுத்துக்கொண்டு கிடக்கும்.)

மூன்றாவதுதான் பயமுறுத்தியது. பாதியைத் தாண்டியதும் படிக்க முடியவில்லை என்று பிழை. கேபிளாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்தால் கேபிள் கோளாறைக் காட்டும் சிஆர்சி எண்ணிக்கை பூஜ்யம், பென்டிங் செக்டர் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் சிறு துண்டுகள்) மட்டும் 24, அதாவது டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் தயவுசெய்து திரும்பத் திரும்ப குளோன் முயற்சி செய்யாதீர்கள், ஒவ்வொரு முயற்சியும் சாகிற டிஸ்க்கை இன்னும் தேய்க்கும். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். நானும் எடுக்க முடிந்த படங்களையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்பர்ட் முறையில் 'ரெஸ்க்யூ' என்ற தேர்வைப் போட்டேன். கெட்ட இடங்களைத் தாண்டிக்கொண்டு ஓடி முடித்தது. கெட்ட செக்டர்கள் நிறைய இருந்தால் இது பத்தாது, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளுக்குப் போங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு அப்புறம்தான் கெட்டதிடம் வரும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

குறை என்றால், புதிதாக வருபவருக்குத் திரை மிரட்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுத்துகளாகத்தான் டிஸ்க்குகள் வரும், தலைகீழாகத் தேர்ந்தெடுத்தால் காலி டிஸ்க்கின் நகல் தரவு இருக்கும் டிஸ்க்கின் மேல் ஏறி எல்லாவற்றையும் அழித்துவிடும். பக்கத்தில் இருக்கும் மாடல் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். இன்னொன்று, புது டிஸ்க்கில் மீதி 12 ஜிபி ஒதுக்கப்படாமல் கடைசியில் கிடக்கிறது, அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும். முதல் தடவையே விண்டோஸ் வந்தது. இரண்டு படங்கள் மட்டும் கெட்ட செக்டரில் மாட்டியிருக்கின்றன, பாதிக்கு மேல் சாம்பல் நிறம். நல்லவேளை, அவை அக்காவின் கைபேசியில் முழுசாக இருந்தன.