அடீனியம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: ரூ.8,500 போச்சு

ரூ.8,500 கொடுத்து வாங்கிய அடீனியம் அராபிக்கம் (பாலைவன ரோஜா என்கிற பூச்செடியில் ஒரு வகை) இன்று காலை குப்பைக்குப் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைப் பெயர் போட மாட்டேன். ஏற்காடு மலையடிவாரத்தில் ரோட்டோரமாக இருக்கும் நர்சரி வகை, ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கிறவர்கள். அது போதும்.

அடி பருத்த செடிகள் மேல் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. சேலம் வெயில் அடீனியத்துக்கு ரொம்பப் பிடிக்கும். மொட்டை மாடியில் விதை போட்டு வளர்த்ததே நிறைய நிற்கிறது. விதையில் வந்த செடிக்குத்தான் காடெக்ஸ், அதாவது அந்தப் பருத்த அடிப்பாகம், அழகாகத் திரளும், கிளையை வெட்டி நட்டால் அந்த உருவம் வராது. திரண்டு வரப் பல வருஷம் ஆகும், அதனால்தான் பெரிய செடிக்கு இந்த விலை.

அங்கிருந்த தம்பி பேசினாரே ஒரு பேச்சு! "அக்கா, நீங்களே அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கும்" என்றார். அழுத்தினேன், கெட்டியாகத்தான் இருந்தது. மண்ணுக்கு மேலே தெரிந்த பாகம் மட்டும். வேரை வெட்டினால் ஒரு வாரமாவது நிழலில் காயவிட்டு நட வேண்டும், நட்ட கையோடு தண்ணீர் ஊற்றக் கூடாது, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) அதிகமானால் அழுகும், தண்ணீர் வடிய பியூமிஸ், பேர்லைட் என்ற லேசான கல் துணுக்குகளைக் கலந்தால் நல்லது என்று நான் கேட்காமலேயே சொன்னார். அத்தனையும் சரியான விஷயம். செடி தெரிந்த ஆள் என்று நம்பியது அங்கேதான். பணத்தை அனுப்பிய பிறகு கடைசியாக ஒன்று சொன்னார்: "மூணு மாசத்துக்குத் தொட்டி மட்டும் மாத்திடாதீங்கக்கா, வேர் அசைஞ்சா செடி தாங்காது." என்ன அக்கறை என்று நினைத்தேன்! இந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற பாடமெல்லாம் என்று இப்போது புரிகிறது.

இலை மஞ்சளாகிக் கொட்டியது. போட்டோ அனுப்பினேன். "இடம் மாறினா கொட்டும்க்கா, பயப்படாதீங்க." அப்புறம் செடியே ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. இனி என்ன மூணு மாசம் என்று கவிழ்த்துவிட்டேன். மேலே போட்டிருந்த வெள்ளைக் கூழாங்கல் பசை போட்டு ஒட்டியது, ஒரே தகடாகக் கழன்று வந்தது. அடியில் கொழகொழவென்று களிமண். காடெக்ஸின் அடிப்பாகத்தைக் கத்தியால் குடைந்து, அந்தப் பள்ளத்தில் மெழுகை ஊற்றி, மண் நிறத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்! மெழுகைச் சுற்றிப் பழுப்பாக அழுகல், தாங்க முடியாத நாற்றம். வேர் என்று சொல்ல நாலு நார். அழுகின செடியை ஒப்பேற்றி ரூ.8,500க்குத் தள்ளியிருக்கிறார்கள்.

போன் போட்டால், "நீங்க தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க." மெழுகும் நான்தான் ஊற்றினேனா என்று கேட்டேன், "ஓனர் ஊர்ல இல்லைங்க" என்று வைத்துவிட்டார். அடுத்து வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போனால் வேறொரு பையன், "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாதுங்க மேடம்" என்கிறான். கையில் இருப்பது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, கடைப் பெயர் கூட இல்லை. ஜிபே போனது யாரோ ஒருவர் பெயருக்கு. ரூ.8,500ஐப் பத்தே விநாடியில் வாங்கத் தெரிந்தது.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பணம் கொடுக்கும் முன் தொட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், மண்ணுக்குக் கீழேயும் அழுத்திப் பாருங்கள். கல் ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். வெட்டிப் பார்க்கிறவர்கள் கையுறை போடுங்கள், அதன் பால் விஷம். பில் தர மாட்டேன் என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரைக்கும் என்றால் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. கழன்று வந்த கல் தகடு, மெழுகு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு முதல் வேலை 1915தான்.