ஆறு மாதமாக நான் ஏறி நிற்கும் எடை மெஷின்

மண்டபத்திலிருந்து வாரம் மூன்று நாள் ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸுக்குப் போகிறவன் நான். கிட்னி வெளியேற்றாத தண்ணீரையும் கழிவையும் அதில் எடுத்துவிடுவார்கள். ராமநாதபுரம் பஜாரில் 900 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் மெஷின் இது. 100 கிராம் ஏறினாலும் காட்டிவிடும். எனக்கு அதுதான் வேண்டும். உடம்பில் ஒரு லிட்டர் தண்ணீர் தங்கினால் ஒரு கிலோ ஏறும், கணக்கு அவ்வளவுதான்.

டயாலிசிஸ் முடிந்ததும் நான் இருக்க வேண்டிய எடை 58. சனிக்கிழமை விட்டால் அடுத்தது செவ்வாய். போன மாதம் அந்த இடைவெளியில் 61.4 காட்டியது. மெஷின் மேல் சந்தேகப்பட்டு இறங்கி ஏறினேன், அதே 61.4. ஞாயிற்றுக்கிழமை தொட்டுக்கொண்ட நெத்திலிக் கருவாடுதான் காரணம். உப்பு உள்ளே போனால் தாகம் விடுமா? டாக்டர் ஒரு நாளைக்குச் சொன்ன முக்கால் லிட்டர் மதியத்துக்குள்ளேயே காலி. கணுக்காலில் விரலை அமுக்கினால் குழி அப்படியே நின்றது.

குறை என்றால், மேடுபள்ளத் தரையில் தடவைக்கு ஓர் எடை சொல்லும். கடப்பாக்கல் மேல் வைத்த பிறகு சரி. கடல்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் துருப்பிடித்தது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன், ஓடுகிறது. அப்புறம், எண்கள் ரொம்பப் பெரிசு. அடுக்களையிலிருந்தே என் மனைவி படித்துவிடுகிறாள்.