செய்தியில் அடிபடும் பத்திரிகையாளரைப் பற்றி விக்கிப்பீடியாவில் கூடி எழுதுவது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருந்து தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்ந்து தொகுக்கிறவர்களுக்காக இது. பத்திரிகையாளர் ஒருவர் கைதாகிறார், அல்லது வேலையைவிட்டு நீக்கப்படுகிறார். அன்று மாலையே நாலைந்து பேர் அவர் பெயரிலுள்ள கட்டுரையைத் திறக்கிறார்கள். அந்த நெரிசலை விக்கியின் கருவிகள் தாங்குமா என்றால், நன்றாகவே தாங்கும். இடறுவது சான்றுகளில்தான்.

முதலில் கருவி. இருவர் ஒரே நேரத்தில் சேமித்தாலும், வெவ்வேறு பத்திகளைத் தொட்டிருந்தால் மென்பொருளே இரண்டையும் இணைத்துவிடும். ஒரே பத்தி என்றால் தொகுத்தல் முரண் வரும், அதாவது இரண்டையும் கையால்தான் இணைக்க வேண்டியிருக்கும். மூல உரையில் ஒரு பத்தி முழுக்க ஒரே வரி. ஒப்பீடு வரிவரியாக நடக்கிறது. கைது, வழக்கு, எதிர்வினை எல்லாவற்றையும் ஒரே பெரிய பத்தியில் கொட்டினால் முட்டல் நிச்சயம். ஒருவர் துணைத்தலைப்புகளை மட்டும் போட்டுச் சேமித்துவிடட்டும். பிறகு ஆளுக்கொரு பகுதி, அதுவும் அந்தந்தப் பகுதியின் ‘தொகு’ இணைப்பு வழியாக மட்டும். மலைமேல் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் சின்னச் சின்னச் சேமிப்புகளே பிழைக்கும்.

மேற்கோள் கருவியில் இணைப்பை ஒட்டினால் மீதியை அதுவே நிரப்பிவிடும் என்று நம்பி விடக்கூடாது. தமிழ் நாளிதழ்த் தளங்கள் பலவற்றுக்குத் தேதி வராது. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தளத்தின் பெயர் வந்து உட்காரும். கையால்தான் திருத்த வேண்டும். இ-பேப்பர் இணைப்புகள் நிலைப்பதில்லை. அதைவிட அச்சுப் பதிப்பையே சான்றாகத் தரலாம்: நாளிதழின் பெயர், தேதி, பக்க எண், கூடவே பதிப்பின் ஊர். சேலம் பதிப்பில் வந்த செய்தி சென்னைப் பதிப்பில் இல்லாமலே போகலாம். ஊரைப் போடாவிட்டால் சரிபார்க்கிறவர் ‘செய்தியே இல்லை’ என்று நியாயமாகவே நீக்கிவிடுவார். இணையச் செய்தி என்றால் அன்றைக்கே வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் தளம்) சேமித்துவிடுங்கள். தலைப்பு மாறும், சில நேரம் பக்கமே மறையும்.

பத்திரிகையாளர் கட்டுரைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சான்று தருகிறவர்களும் அவருடைய தொழில்காரர்களே. அவர் வேலை செய்யும் இதழ் அவரைப் பற்றி எழுதியது சார்பற்ற சான்று ஆகாது. அவரை வெளியே அனுப்பிய இதழ் எழுதியதும் ஆகாது. ஐந்து நாளிதழில் வந்திருக்கிறது என்று ஐந்து அடிக்குறிப்பு போடுமுன், ஐந்தின் முதல் பத்தியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். வார்த்தை மாறாமல் இருந்தால் எல்லாம் ஒரே செய்தி முகமை அனுப்பியது. அது ஒரு சான்றுதான். அவர் எழுதிய கட்டுரைகள் நூறு கிடைத்தாலும், அவர் எழுதினார் என்பதற்கே அவை ஆதாரம். குறிப்பிடத்தக்கமையை, அதாவது தனிக் கட்டுரைக்கான தகுதியை, மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதியதுதான் நிறுவும்.

இவ்வளவு கண்டிப்பு தேவைதான். ஜான் சீகெந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குக் கென்னடி சகோதரர்களின் கொலையில் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்ற கட்டுக்கதை, 2005 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறி நான்கு மாதங்கள் அப்படியே கிடந்தது. வாழும் மனிதர்களைப் பற்றிய தனிக் கொள்கை அதற்குப் பிறகே உருவானது. உண்மைச் செய்தியும் கெடுதல் செய்யலாம். 2008 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் டேவிட் ரோடை ஆப்கானிஸ்தானில் தாலிபான் கடத்தியபோது, அவர் 2009 ஜூனில் தப்பி வரும்வரை அந்தத் தகவல் அவரைப் பற்றிய விக்கிக் கட்டுரையில் ஏறாமல் நீக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. ஆளின் உயிர் அவசரத்தைவிடப் பெரிது.

வழக்கைப் பற்றிய வாக்கியத்தை இப்படித் தட்டிச் சீராக்க வேண்டும். வருவது: ‘அவதூறு பரப்பிய மூத்த பத்திரிகையாளர் அதிரடி கைது.’ இருக்க வேண்டியது: ‘அவதூறு பரப்பியதாக அளிக்கப்பட்ட புகாரில் இன்ன தேதியில் காவல்துறை அவரைக் கைது செய்தது.’ ‘மூத்த’, ‘அதிரடி’ இரண்டும் போகும். ‘பரப்பிய’ என்பது ‘பரப்பியதாக’ ஆகும். ‘நேற்று’, ‘இன்று’ வேண்டவே வேண்டாம். சட்டப் பிரிவிலும் கவனம்: 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முந்தியது என்றால் இந்தியத் தண்டனைச் சட்டம். பகைமை வளர்த்தல் முன்பு 153ஏ, இப்போது 196. பழக்கத்தில் பழைய எண்ணைப் போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஓயாமல் நடப்பது பிறந்த ஊர்ச் சண்டை. தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. ‘தமிழ்நாடு’ இதழை நடத்திய பெ. வரதராஜுலு நாயுடு ராசிபுரத்துக்காரர்; ஒருவர் சேலம் என்பார், மற்றவர் நாமக்கல் என்று மாற்றுவார். ‘ராசிபுரம், அன்றைய சேலம் மாவட்டம் (இன்று நாமக்கல்)’ என்று எழுதி, உரையாடல் பக்கத்தில் காரணத்தையும் போட்டுவிட்டால் மாற்றுவது நின்றுவிடும். சாதியை யூகித்துச் சேர்ப்பவர்களுக்கு இடமே தரக்கூடாது, பார்த்தவுடன் நீக்குங்கள்.

படத்துக்கு நாளிதழில் வந்ததை எடுக்க முடியாது. அவரே அனுப்பினாலும் உரிமை பொதுவாகப் படம் எடுத்தவருடையது. எடுத்தவரின் அனுமதி வேண்டும்.

செய்தி ஓய்ந்த பிறகு பெரும்பாலானோர் கவனிப்புப் பட்டியலிலிருந்து கட்டுரையை எடுத்துவிடுகிறார்கள். வேலை அப்போதுதான் மிச்சம் இருக்கிறது. கைது முதல் பக்கத்தில் வரும்; விடுதலை உள்பக்கத்தில் நாலு வரியாக வரும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். நீதிமன்ற இணையதளத்தின் ஆணையை வைத்தே எழுதுவதைவிட, அதிலுள்ள தேதியைக் கொண்டு மறுநாள் நாளிதழைத் தேடி அதைச் சான்றாகத் தருவது மேல். விடுதலை பதிவானதும் கைதுப் பகுதியைச் சுருக்கி, அவருடைய முப்பதாண்டுப் பணியைவிட அது நீளமாக நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.