முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுவதா, எழுதிக்கொண்டே தெரிந்துகொள்வதா?

தொலைக்காட்சித் தொடருக்குக் கதை பண்ண உட்காருபவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. கடைசி எபிசோட் வரை எழுதி வைத்துவிட்டு இறங்குவது ஒன்று. கதாபாத்திரங்களையும் முதல் சில எபிசோடுகளையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் போகப்போகப் பிடிப்பது இன்னொன்று. சினிமாவில் பெரும்பாலும் கதை முடிந்த பிறகுதான் கேமரா வரும். தொடரிலோ முதல் எபிசோட் ஒளிபரப்பாகும்போது பின்னால் வரவேண்டியது இன்னும் எழுத்தாளரின் மேசையிலேயே கிடக்கலாம். அதனால்தான் இந்தத் தேர்வுக்கு இவ்வளவு கனம்.

முன்கூட்டியே திட்டமிடுவதற்குச் சரியான உதாரணம் 'பாபிலோன் 5' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர். அதை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்து சீசனுக்கான கதையை முதலிலேயே வகுத்தார். 110 எபிசோடுகளில் 92 அவரே எழுதியவை. முதல் சீசனில் போகிறபோக்கில் வரும் காட்சிக்கு இரண்டு சீசன் தள்ளிப் பலன் கிடைக்கும். எந்த நடிகர் எப்போது விலகுவார் என்று சொல்ல முடியாது என்பதால், முக்கியப் பாத்திரங்கள் கதையிலிருந்து கழன்றுகொள்ளவும் வழி வைத்திருந்தார். முதல் சீசனோடு நாயகனே மாறியபோது அது கைகொடுத்தது. அவர் திட்டத்துக்குள் அடங்காதது சேனல்தான். நான்காவதோடு தொடர் நின்றுவிடும் என்ற நிலையில் முக்கியமான முடிச்சுகளை அந்த சீசனிலேயே அவிழ்த்தார். பிறகு ஐந்தாவது சீசனும் கிடைத்தது. அதில் சரக்கு குறைவு என்பது ரசிகர்களே ஒப்புக்கொள்வது.

எதிர்த்தரப்பில் 'பிரேக்கிங் பேட்'. சாதுவான வேதியியல் ஆசிரியர் படிப்படியாகக் கொடூரனாவது என்ற பயணம் அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனுக்கு முதலிலேயே தெரியும், வழி தெரியாது. ஆசிரியரின் கூட்டாளியான ஜெஸ்ஸியை முதல் சீசன் முடிவில் சாகடிப்பதாகத்தான் யோசனை. அந்த வேடத்தில் ஆரன் பாலின் நடிப்பைப் பார்த்ததும் அதைக் கைவிட்டார்கள். ஆசிரியருக்கும் ஜெஸ்ஸிக்கும் இடையிலான உறவுதான் பிறகு தொடரின் முதுகெலும்பு! இரண்டு நடிகர்கள் ஒரே ஃபிரேமில் நின்றால் என்ன நடக்கும் என்பதை எவ்வளவு தடிமனான கதைக்குறிப்பும் முன்கூட்டிச் சொல்லாது. கடைசி சீசனின் தொடக்கத்தில் நாயகன் ஓர் இயந்திரத் துப்பாக்கி வாங்குவான். அது எதற்கு என்று அதை எழுதியபோது எழுத்தாளர்களுக்கே தெரியாதாம். தங்களைத் தாங்களே மாட்டிவிட்டு, விடை தேடி அறையில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தேர்ந்த குழு இருந்தால் மட்டும் எடுக்கவேண்டிய ஆபத்து அது. குழு சுமாராக இருந்தால் ஞாபகமறதியும் இரட்டைப் பிறவியும் வந்து கதையைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டையும் கலந்தால்? அப்பா தன் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அம்மாவைச் சந்தித்த கதையைச் சொல்லும் 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' என்ற நகைச்சுவைத் தொடர் அதைத்தான் செய்தது. நாயகனின் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களே என்று, அவர்கள் வரும் கடைசிக் காட்சியை 2006-லேயே படம்பிடித்து வைத்தார்கள். தொடர் முடிந்ததோ 2014-ல். இடைப்பட்ட காலத்தில் பாத்திரங்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள்; காட்சி மட்டும் அப்படியே இருந்தது. அந்த முடிவைப் பார்த்துப் பார்வையாளர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

எனவே என் வாக்கு, கொஞ்சம் சாய்வோடு, இரண்டாவது வழிக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: நிகழ்ச்சிகளைத் திறந்து வையுங்கள், ஆளை முடிவு செய்துவிடுங்கள். இவனுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறான், தன்னைப் பற்றித் தனக்கே என்ன பொய் சொல்லிக்கொள்கிறான் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் வசனத்தில் கைவைக்கக் கூடாது. பிடித்த நிறம், படித்த பள்ளி என்று பத்துப் பக்கம் நிரப்புவதெல்லாம் வேலை செய்வதுபோல் ஒரு பாவனை. பொய் தெரிந்தால், எந்தச் சூழலில் போட்டாலும் அவன் என்ன செய்வான் என்று தெரியும்.

எட்டு எபிசோடில் முடிகிற தொடரென்றால் என் வாக்கு மாறும். எல்லாவற்றையும் எடுத்து முடித்து மொத்தமாக வெளியிடும்போது, ஒளிபரப்பைப் பார்த்துத் திருத்த வாய்ப்பே கிடையாது. அங்கே கடைசிக் காட்சியை முதலில் எழுதிவிட்டு, முழுத் தொடரையும் ஒருமுறை எழுதி முடித்து, பிறகு முதல் எபிசோடைக் கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதுவதுதான் சரி.