படக்குழுவுக்கு ஆள் தேடும் இணைய அறிவிப்புப் பலகை: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

குறும்படம், ஆவணப்படம், சிறிய முதலீட்டில் எடுக்கப்படும் முழுநீளப் படம் ஆகியவற்றுக்குத் தயாரிப்பு நிர்வாகியாக வேலை பார்ப்பவர்களுக்கு, படப்பிடிப்புக்கு முந்தைய வாரங்களில் பாதி ஆள் தேடுவதிலேயே கழிந்துவிடும். எனக்கு அந்தத் தேடல் பெரும்பாலும் ஓர் இணையத் திரைப்படச் சமூகத்தின் அறிவிப்புப் பலகையில்தான் நடக்கிறது. ஒலிப்பதிவாளனாக இருந்த காலத்தில் அங்கே வந்த விளம்பரங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக நானே அங்கே விளம்பரம் கொடுத்து வருகிறேன். இருபுறமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் அந்தச் சேவையின் நிறைகுறைகளை எழுத விரும்புகிறேன். உறுப்பினர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும் பலகை என்பதால் அதன் பெயரை இங்கே தரவில்லை. இத்தகைய பலகை எதை எடைபோடுவதற்கும் நான் பார்க்கும் விஷயங்கள் பொருந்தும்.

திரைத்துறையில் ஆள் தேடும் விளம்பரத்துக்கு நெடிய வரலாறு உண்டு. நியூயார்க்கில் 1960-இல் தொடங்கப்பட்ட 'பேக்ஸ்டேஜ்' நடிகர் தேர்வு அறிவிப்புகளை அச்சில் வெளியிட்ட வார இதழ். 1998-இல் லண்டனில் பிறந்த 'ஷூட்டிங் பீப்பிள்' சுயாதீனப் படைப்பாளர்களின் அறிவிப்புகளை மின்னஞ்சல் வழியே சுற்றுக்கு விட்டது. அச்சில் வந்தவரை ஒவ்வொரு விளம்பரத்தையும் ஒருவராவது படித்து, கோத்து, பிழை பார்த்த பிறகே அது வாசகரிடம் போய்ச் சேர்ந்தது. இணையப் பலகையில் அந்த இடையாளை எடுத்துவிடலாம் என்ற வசதி வந்ததும் பல சேவைகள் எடுத்தும்விட்டன. நான் பயன்படுத்தும் பலகை எடுக்கவில்லை. அங்கே எந்த விளம்பரமும் மட்டுறுத்துநர் ஒருவர் படித்து ஒப்புதல் தந்த பின்னரே வெளியாகிறது. அதனால் ஏற்படும் தாமதத்தைப் பற்றிப் பின்னால் குறை சொல்லப்போகிறேன் என்றாலும், இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே அந்தச் சேவையை விடாமல் பயன்படுத்துகிறேன்.

சேவையின் உயிர் அதன் படிவத்தில் இருக்கிறது. விளம்பரத்தை ஒரு வெற்றுப் பெட்டியில் நம் விருப்பப்படி எழுதிவிட முடியாது. பணியின் பெயர், படத்தின் வகை, படப்பிடிப்பு நாள்களின் எண்ணிக்கை, தேதிகள், ஒரு நாளின் வேலைநேரம், ஊதியம், பயணப்படி, உணவு, சொந்தக் கருவிகள் தேவையா, தேவையென்றால் அவற்றுக்குத் தனி வாடகை உண்டா, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. ஊதியக் கட்டத்தில் 'பேசிக்கொள்ளலாம்' என்று எழுதினால் படிவம் ஏற்பதில்லை. ஒரு தொகையையோ, குறைந்தபட்சமும் அதிகபட்சமுமான இரண்டு தொகைகளையோ தர வேண்டும். முதன்முறை இதை எதிர்கொண்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. தயாரிப்பாளர் இன்னும் தொகையை முடிவுசெய்யாத நிலையில் எதை எழுதுவது என்று தவித்தேன். பிறகுதான் புரிந்தது, தொகையை முடிவுசெய்யாத தயாரிப்பு ஆள் தேடவும் தயாராகவில்லை என்பது. வேலை விளம்பரத்தில் ஊதிய வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்பது அமெரிக்காவின் கொலராடோவில் 2021 முதல் எல்லா நிறுவனங்களுக்கும், நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதலும் கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குச் சட்டமாகவே ஆகிவிட்டது. சட்டம் எட்டாத சிறு தயாரிப்புகளிடம் ஒரு படிவம் அதே ஒழுங்கைக் கொண்டுவருவதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஊதியமில்லாப் பணிகளை இந்தப் பலகை தடைசெய்யவில்லை. நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் படங்களும், மாணவர் படங்களும், ஒரு காட்சியை மட்டும் சோதித்துப் பார்க்கும் முயற்சிகளும் 'கூட்டு முயற்சி' என்ற தனிப் பகுதிக்குப் போகின்றன. ஊதியப் பகுதியில் அவற்றுக்கு இடமில்லை. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டு வாடகைக்காக வேலை தேடுகிறவரும் கற்றுக்கொள்ள இடம் தேடுகிறவரும் ஒரே பட்டியலில் அலைய வேண்டியதில்லை. எல்லைக்கோடு எங்கே என்பது மட்டும் எளிதில் தீராத கேள்வி. 'பிளாக் ஸ்வான்' படத்தின் தயாரிப்பில் ஊதியமின்றிப் பயிற்சியாளர்களாக வேலை பார்த்த இருவர் 2011-இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் ஊதியத்துக்கு உரிய ஊழியர்களே என்று 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கி, அந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது பயிற்சியாளரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என வேறோர் அளவுகோலை வகுத்தது. 2016-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. நீதிபதிகளே வேறுபட்ட ஒரு விஷயத்தில் தன்னார்வமாக உழைக்கும் மட்டுறுத்துநர்கள் பிழையின்றி முடிவெடுப்பார்கள் என்று எதிர்பார்க்க மாட்டேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் உறுதியாக இருக்க வேண்டும். படம் விற்று இலாபம் வந்த பின் ஊதியம் தரப்படும் என்று சொல்லும் விளம்பரங்கள் இன்னமும் ஊதியப் பகுதியிலேயே வெளியாகின்றன. சிறிய படங்கள் விநியோகச் செலவைக் கழித்து இலாபம் காட்டுவது அரிது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த விளம்பரங்களுக்கு உரிய இடம் கூட்டு முயற்சிப் பகுதிதான். இதைப் பற்றி இரண்டு முறை எழுதிக் கேட்டும் மாற்றம் வரவில்லை.

நல்ல படிவம் இருந்தாலும், அதன் கடைசியில் உள்ள 'பணி விவரம்' என்ற பெட்டியை நிரப்புவது நம் பொறுப்பு. அங்கே நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றுக்குப் படத்தொகுப்பாளர் தேவை, ஆர்வமும் அனுபவமும் உள்ளவர்கள் தொடர்புகொள்ளவும் என்று மூன்று வரிகளில் முடித்துவிட்டேன். அறுபதுக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்வி கேட்டிருந்தார்கள், எல்லாமே நியாயமான கேள்விகள். பன்னிரண்டு நிமிடம் என்பது முடிந்த படத்தின் நீளம். அதிலிருந்து படத்தொகுப்பாளர் தன் வேலையின் அளவை ஊகிக்க முடியாது. எத்தனை மணி நேரக் காட்சிகள் பதிவாகியுள்ளன, எத்தனை கேமராக்கள், வினாடிக்கு 24 ஃப்ரேமா 25 ஃப்ரேமா, கோப்புகள் ரா (கேமரா பதிந்த மூல) வடிவத்திலா புரோரெஸ் என்ற சுருக்கிய வடிவத்திலா, தொகுப்பு வேலைக்கான பிராக்ஸி (சிறிய அளவு நகல்) தயாராக இருக்கிறதா, ஒலியும் படமும் ஒத்திசைக்கப்பட்டுவிட்டனவா, எத்தனை முறை திருத்தம் கேட்கப்படும், படத்தொகுப்பை எந்தத் தேதியில் இறுதிசெய்து ஒலிக்கலவைக்கும் வண்ணச் சீரமைப்புக்கும் கொடுக்க வேண்டும் என்பனவே அவருக்குத் தேவையான தகவல்கள். அந்த விளம்பரத்தை விலக்கிக்கொண்டு, இவ்வளவையும் எழுதி மறுபடி வெளியிட்டேன். இம்முறை ஒன்பது பேர் எழுதினார்கள். அவர்களில் நால்வரை எந்தத் தயக்கமும் இல்லாமல் பணியில் அமர்த்தியிருக்கலாம். பதில்களின் எண்ணிக்கை குறைந்ததை வெற்றியாகக் கருதக் கற்றுக்கொண்டது அன்றுதான்.

ஒலிப்பதிவுக்கான விளம்பரங்கள் இன்னும் மோசமான நிலையில் இருக்கின்றன, இதில் எனக்குச் சொந்த வருத்தமும் உண்டு. 'ஒலிக்கு ஒருவர் தேவை' என்ற விளம்பரத்தை நம்பிப் போன இடத்தில், ரெக்கார்டரும் பூமும் (நீண்ட கம்பில் பொருத்திய மைக்) நான் கொண்டுவருவேன் என்று தயாரிப்பாளரும், அவரிடம் இருக்கும் என்று நானும் எண்ணிக்கொண்டிருந்ததால் அரை நாள் வீணானது. ஒரு காட்சியில் அதிகபட்சம் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தான் சட்டையில் பொருத்தும் லேப்பல் மைக் எத்தனை வேண்டும் என்பது தெரியும். பூம் பிடிக்கத் தனியாள் உண்டா, கேமராவுடன் டைம்கோடு (ஒலியையும் படத்தையும் பொருத்த உதவும் நேரக்குறி) இணைப்பு வேண்டுமா, படப்பிடிப்பு இடம் சாலையோரமா மூடிய அறையா என்பதையும் சொல்ல வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது வழக்கமான பதிவு முறை என்பதால் அதை யாரும் எழுதாவிட்டாலும் பாதகமில்லை. மேலே சொன்னவற்றை எழுதாமல் விட்டால் பாதகம் உண்டு. படிவத்தில் ஒளிப்பதிவுக்குக் கருவி விவரக் கட்டம் தனியாக இருக்கிறது, ஒலிக்கு இல்லை. கேமராவை மட்டுமே கருவியாக நினைக்கும் பழைய மனப்பான்மை இங்கேயும் புகுந்துவிட்டது என்றே எண்ணுகிறேன்.

நடிகர் தேர்வு அறிவிப்புகளைப் பொறுத்தவரை சேவையின் விதிகள் கறாரானவை, அப்படித்தான் இருக்க வேண்டும். நடிகரின் உண்மை வயதைக் கேட்கக் கூடாது; கதாபாத்திரத்தின் தோற்ற வயதை மட்டும் வரம்பாகத் தர வேண்டும். நெருக்கமான காட்சிகளோ சண்டைக் காட்சிகளோ இருந்தால் விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். சிறாருக்கான பாத்திரம் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் வழியாகவே தொடர்பு நடக்க வேண்டும். தேர்வு நடக்கும் இடம் வீடாகவோ தங்கும் விடுதி அறையாகவோ இருக்கக் கூடாது. தொழில்முறைச் சந்திப்புகளைத் தனிப்பட்ட விடுதி அறைகளிலும் வீடுகளிலும் நடத்துவதை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. தேர்வில் கலந்துகொள்ளக் கட்டணம் கேட்கும் விளம்பரங்களும் உடனே நீக்கப்படுகின்றன. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிக் கலைஞர்களிடம் முன்பணம் பெறுவதைத் தடுக்கக் கலிபோர்னியா 2009-இல் தனிச் சட்டமே இயற்றியது என்பதிலிருந்து இந்த ஏமாற்று எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள்ளலாம்.

சேவையின் பெரிய பலவீனம், விளம்பரத்தைச் சரிபார்ப்பவர்கள் விளம்பரம் கொடுப்பவரைச் சரிபார்ப்பதில்லை என்பது. எழுத்து ஒழுங்காக இருந்தால் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. ஹாலிவுட்டின் பெயர்பெற்ற பெண் நிர்வாகிகளைப் போலத் தொலைபேசியில் பேசி, ஒப்பனைக் கலைஞர்களையும் புகைப்படக் கலைஞர்களையும் சண்டைக் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் இந்தோனேசியாவுக்கு வரவழைத்த மோசடியை இங்கே நினைவுகூர வேண்டும். பயணச் செலவையும் ஓட்டுநருக்குத் தரும் பணத்தையும் முதலில் நீங்கள் கொடுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்று சொல்லப்பட்டது; பணம் திரும்பவே இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் முன்வர வேண்டும் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2019-இல் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. 2020-இன் இறுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். ஏமாந்தவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர், பல ஆண்டுகள் தொழிலில் இருந்தவர்கள். ஆகவே, பணி தொடங்குமுன் விண்ணப்பதாரர் எந்தச் செலவும் செய்யக் கேட்கப்பட மாட்டார் என்ற உறுதிமொழியைப் படிவத்தில் சேர்ப்பதும், புதிய விளம்பரதாரரின் முந்தைய படங்களில் ஒன்றையாவது பார்த்து உறுதிசெய்வதும் அவசியம். விண்ணப்பதாரரின் தொலைபேசி எண் வெளியே தெரியாதபடி எல்லாத் தொடர்பும் சேவையின் உள்பெட்டி வழியாகவே நடப்பது மட்டும் இப்போதைக்கு இருக்கும் ஒரு நல்ல பாதுகாப்பு.

வேலை விளம்பரம் அல்லாத பிற அறிவிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பழைய கருவிகளை விற்பவர்கள் வரிசை எண்ணைக் கட்டாயம் மட்டுறுத்துநரிடம் தர வேண்டும் என்ற விதி திருட்டுப் பொருள்கள் வருவதைக் குறைத்திருக்கிறது. திரைப்பட விழா அழைப்புகளில் நுழைவுக் கட்டணமும் கடைசி நாளும் தெளிவாக இருக்கின்றன, ஆனால் படங்கள் உண்மையில் ஓர் அரங்கில் திரையிடப்படுமா என்ற தகவல் பலவற்றில் இல்லை. கூட்டு நிதி திரட்டும் அறிவிப்புகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன.

தாமதம் பற்றிச் சொல்வதாக இருந்தேன். வார நாள்களில் அரை நாளுக்குள் ஒப்புதல் கிடைத்துவிடும்; வார இறுதியில் இரண்டு நாளும் ஆகும். ஒப்பனைக் கலைஞர் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு சனிக்கிழமை மாலையில், மறுநாள் காலைப் படப்பிடிப்புக்கு மாற்று ஆள் தேடியபோது இந்தப் பலகை எனக்குப் பயன்படவில்லை. ஏற்கெனவே ஐந்தாறு விளம்பரங்களை ஒழுங்காக நடத்தி முடித்தவர்களுக்கு அவசர அறிவிப்பை முன்ஒப்புதல் இன்றி வெளியிட அனுமதி தரலாம்.

இன்னொரு குறை, நிரம்பிவிட்ட பணிகளின் விளம்பரங்கள் முப்பது நாள் வரை திறந்தே கிடப்பது. ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை மூடும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துவோர் குறைவு. விண்ணப்பித்தவன் ஒவ்வொரு நாளும் உள்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வாரம் காத்திருந்து, அந்தப் படம் எடுத்து முடிக்கப்பட்டதை அதன் முன்னோட்டத்தைப் பார்த்து அறிந்துகொண்டவன் நான். மூடும்போது எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே நேரத்தில் 'பணி நிரம்பிவிட்டது' என்ற செய்தி போகும் வசதியைச் சென்ற ஆண்டு சேர்த்திருக்கிறார்கள். கிடைக்காதவர்களுக்கு அதே செய்தியோடு இரண்டு வரி சேர்த்து எழுதவும் அதில் இடமிருக்கிறது. என் கடைசி விளம்பரத்துக்கு எழுதிய பதினான்கு பேரில் தேர்வாகாத பதின்மூன்று பேருக்கும் அப்படி எழுதி அனுப்ப இருபது நிமிடம் ஆனது. அவர்களில் ஒருவரை அடுத்த மாதம் தொடங்கும் ஆவணப்படத்துக்கு, புதிதாக விளம்பரம் கொடுக்காமலேயே அழைத்திருக்கிறேன்.