சாயாத பக்கெட் சீட்டா, சாயும் ஸ்போர்ட்ஸ் சீட்டா: காரைக்குடி வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் எது தாங்கும்?

ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு வேறு மாட்ட நினைத்தால் கடைசியில் இரண்டு வகைதான் மிஞ்சும். ஒன்று, முதுகு சாயாத ஒற்றை ஓடு பக்கெட் சீட்; ரெகாரோ போல் பொசிஷன் இந்த வகை. மற்றது, பக்கத்துக் குமிழைத் திருகினால் முதுகு சாயும் சீட். ரெகாரோ ஸ்போர்ட்ஸ்டர் போல. டிரைவர் பக்கம் நான் போட்டிருப்பது ஒற்றை ஓடு. பக்கத்து சீட்டைத் தொடவில்லை. வீட்டு ஆச்சிகள் பட்டுச்சேலையோடு தொடை உயரத்து ஓரத்தைத் தாண்டி உட்கார முடியாது.

எடையும் பிடிமானமும் எல்லோரும் அறிந்ததே. மோட்டார் வைத்த கம்பெனி சீட் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும், ஃபைபர் ஓடு 10 கிலோவுக்குள் அடங்கும், சாயும் சீட் நடுவில் நிற்கும். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே பந்தயத்தட வளைவுகளில் உடம்பு நகராமல் பிடிப்பதில் ஓட்டுக்கு நிகரில்லை. ஆனால் இங்கிருந்து அங்கே போக அரை நாள் ஆகும், திரும்பி வரவும் அதே சீட்தான். அதனால் நான் முடிவை எடுத்தது பராமரிப்பை வைத்து.

சித்திரை, வைகாசியில் வெயிலில் நின்ற காரில் ஏறினால் பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். வியர்வை உப்பு துணியில் வெள்ளைக் கோடாகப் படியும், அதன் மேல் செம்மண் தூசி ஒட்டும். ஒற்றை ஓட்டில் பஞ்சு தனித்தனிப் பட்டையாக வெல்க்ரோவில் நிற்கும். முதுகு, உட்காரும் இடம், தலை என்று ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து ஷாம்பூ தண்ணீரில் அமுக்கி அலசலாம். முறுக்கிப் பிழியக் கூடாது, உள்ளே இருக்கும் பஞ்சு கிழியும். வெயிலிலும் போடக் கூடாது. வளவில் தாழ்வார நிழலில் நிறுத்தி வைத்தால் போதும். ஏறி இறங்கும் பக்கத்துத் தொடைப்பட்டைதான் எப்போதும் முதலில் தேயும். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

சாயும் சீட்டில் உறை கம்பி வளையத்தால் பஞ்சோடு இறுக்கப்பட்டிருக்கும். துவைக்க வேண்டுமென்றால் சீட்டையே இறக்கிக் குஷன் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓரத்துப் பஞ்சு நசுங்கினாலும் அதே கதை. போதாததற்கு, சாய்க்கும் பல்சக்கரம் தேயத் தேய முதுகில் ஆட்டம் விழும். வேகத்தடையில் ‘டொக்’ என்று சத்தம் வந்தால் முதலில் அங்கே பாருங்கள். நல்ல தயாரிப்பில் இது வர வெகுகாலம் ஆகும், மலிவுச் சரக்கில் சீக்கிரமே வரும்.

ஓட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு. வெல்க்ரோவை ஓட்டில் ஒட்டியிருக்கும் பசை வெயிலில் இளகி, பட்டை நகரத் தொடங்கும். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காண்டாக்ட் பசையால் மறுபடி ஒட்டினால் நிற்கும்.

வாங்கும்போது தலைக்கு இரண்டு பக்கமும் காது நீட்டிய ஓட்டை எடுக்காதீர்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் வெட்டிக்கொள்ளும். முனை வரை உயர்ந்த மதில். பக்கத்தில் வருவது தெரிய முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தாக வேண்டும், காது அதை மறைக்கும். எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) லேபிளையும் பாருங்கள். 8855-1999 தரம் என்றால் தயாரிப்பு ஆண்டிலிருந்து 5 ஆண்டுதான் போட்டிக்குச் செல்லும். லேபிளே இல்லாத ஓடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் காரை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: ஸ்லைடர் (சீட் முன்பின் நகரும் தண்டவாளம்) மட்டம், இடுப்பு, கதவின் கைதாங்கி. பெரும்பாலும் இடிப்பது கைதாங்கியில்தான். கம்பெனி சீட்டை இறக்கும் முன் இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டு, பிறகுதான் அடியிலுள்ள மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். அது ஏர்பேக் வயர். சீட்டோடு பக்க ஏர்பேக்கும் போய்விடுகிறது. அந்த வயரில் ரெசிஸ்டர் (மின்தடை) போட்டால் எச்சரிக்கை விளக்கு அணையும், ஏர்பேக் திரும்ப வராது. இது நிஜமான இழப்பு, தெரிந்தே செய்ய வேண்டும். பெல்ட் பக்கிள் சீட்டில் பொருத்திய கார் என்றால், அதைத் தாங்கவே செய்த பிராக்கெட் இருந்தால் மட்டும் மேலே போங்கள். லேத் பட்டறையில் தகடு வளைத்து வெல்டு வைப்பது இந்த ஓர் இடத்தில் கூடாது.

ஓட்டை ஸ்லைடரோடு இணைக்கும் பக்கவாட்டு பிராக்கெட் 3 மி.மீ. எஃகுக்குக் குறையக் கூடாது. ஓட்டில் ஏறுவது நான்கு எம்8 (8 மி.மீ.) போல்ட், வலிமையில் 8.8 கிரேடு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். போல்ட் நீளமாக இருந்தால் ஓட்டுக்குள் இருக்கும் நட்டின் அடியில் போய் முட்டி நிற்கும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் ‘டிக்’ என்று சொல்லிவிடும், பிராக்கெட்டோ இறுகியிருக்காது. நட்டின் ஆழத்தை ஈர்க்குச்சி விட்டு அளந்து, பிராக்கெட், வாஷர் கனம் போக 10 முதல் 12 மி.மீ. மரை உள்ளே போகிற மாதிரி போல்ட் எடுங்கள். ஆழம் அதற்குக் குறைவென்றால் முட்டாத அளவுக்குக் குறையுங்கள், 8 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். சீட் கம்பெனி வேறு அளவு சொல்லாவிட்டால் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ரென்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

முழுதாக இறுக்கும் முன் உட்கார்ந்து பாருங்கள். தோள் சீட்டில் ஒட்டியிருக்க மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும், பிரேக்கை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். ஓட்டில் பின்னால் சாய்க்கக் குமிழ் கிடையாது. பிராக்கெட்டின் முன் துளையை ஒரு படி ஏற்றித்தான் கோணத்தைச் சரிசெய்ய முடியும். ஸ்லைடர் இரண்டு பக்கமும் பூட்டுகிற வகையாக இருக்கட்டும். கிரீஸ் தடவினால் செம்மண் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும், உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரே அடியுங்கள்.

இடுப்பு வலி உள்ளவர் ஓட்டில் ஒரு மணி நேரமாவது உட்காராமல் பணம் கொடுக்க வேண்டாம். என் முதுகுக்குச் சரியாக இருக்கிறது என்பதை வைத்து இன்னொருவருக்கு உறுதி சொல்ல முடியாது. நாளெல்லாம் டவுனுக்குள்ளேயே ஓட்டுபவருக்குச் சாயும் சீட்டே நல்லது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், காப்பீட்டுக் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய சீட்டை விற்றுவிடாதீர்கள். காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். போல்ட்களைப் பையில் போட்டு சீட்டிலேயே கட்டி, ஏர்பேக் உள்ள பக்கத்தில் எதையும் சாத்தாமல், எலி ஏறாத அறையில் பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள்.